உங்கம்மா எந்தக் கார்டிலும் இல்லாத ஒரு நாள்

பெரியவளுக்குக் கல்யாணம் முடிந்து ஒரு மாசம் ஆகப் போகிறது. ஆல்பம் வந்தாச்சு. மிக்ஸி மூணு வந்தாச்சு, அதில் ரெண்டை யார் தலையில் கட்டலாம் என்று பேச்சும் நடந்தாச்சு. ரேஷன் கார்டில் பேர் மாற்றியாச்சா என்று நான் கேட்டால் மட்டும், "பாத்துக்கலாம்ப்பா, இப்பெல்லாம் போன்லயே முடிச்சுடலாம்" என்று பதில். முடித்த மாதிரியும் தெரியவில்லை. சின்னவன் பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்கிறான். அவனுக்கும் ஒரு நாள் வரும். அதனால் ரெண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். எட்டாவது வரைக்கும் படித்தவன் எழுதுவது, முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணம் ஆனதும் செய்ய வேண்டிய வேலை என்னவென்று எனக்கு யாரும் சொல்லவில்லை. விருந்துக்குப் போக வேண்டிய வீடுகள் எவை என்பது மட்டும் எல்லோருக்கும் மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. இருபது நாளில் பதினோரு ஊட்டில் சாப்பிட்டோம். அந்தப் பதினோரு ஊட்டிலும் ஒருத்தராவது, தம்பி, பி.எஃப். ஃபாரத்தில் சம்சாரம் பேரை எழுதிக் கொடுத்தியா, கார்டு மாத்தினியா என்று கேட்டிருக்கலாம். இன்னொரு வடை வைக்கட்டுமா என்றுதான் கேட்டார்கள்.

அப்போது எனக்குக் குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் ஃபாக்டரியில் வேலை. குடியிருந்தது உங்கள் பெரியப்பா ஊட்டில். லைன் வீடு என்றால் ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு, அவ்வளவுதான். ரூமில் பெரியப்பா, பெரியம்மா, ரெண்டு பிள்ளைகள். சமையல்கட்டில் நானும் உங்கம்மாவும். காலையில் பெரியம்மா அடுப்புப் பற்ற வைக்க வருவதற்குள் நாங்கள் பாயைச் சுருட்டியாக வேண்டும். பெரியம்மா வாய் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார். பாத்திரத்தைத்தான் கொஞ்சம் சத்தமாக வைப்பார்.

கீழ் லைனில் ஒரு வீடு காலியாக இருந்தது. எனக்கு வேண்டும் என்று எஸ்டேட் ஆபீசில் எழுதிக் கொடுத்தேன். என் பேரில் தனிக் கார்டு இருந்தது. கல்யாணத்துக்கு முன்னாலேயே பெரியம்மா பிடிவாதமாகப் பிரித்து வாங்க வைத்தது அது. ஹெட் கிளார்க் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒத்தை ஆளுக்கு வீடு கிடையாதே."

கல்யாணம் ஆகிவிட்டது என்று பத்திரிகையை எடுத்துக் காட்டினேன். அவர் அதைத் தொடக்கூட இல்லை. "பத்திரிகை யார் வேணும்னாலும் அடிக்கலாம். எனக்கே மூணு நாள் முந்தி நாலு பத்திரிகை வந்துச்சு. கார்டில சம்சாரம் பேர் ஏறணும். மாசக் கடைசி அன்னிக்கு லிஸ்ட் மேனேஜர்கிட்ட போகும். அதுக்குள்ள வரலைன்னா பாய்லர்ல வேலை செய்யறவனுக்கு வீடு. அவன் கார்டில ரெண்டு குழந்தை வரைக்கும் ஏறியிருக்கு."

சரி, ஏற்றிவிடலாம் என்று தாலுகா ஆபீசுக்குப் போனேன். பொண்ணு பேரை இங்கே ஏற்ற வேண்டுமானால், அவள் அப்பா கார்டிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று அந்தத் தாலுகாவில் சான்று வாங்கி வர வேண்டும், அதற்கு அப்பாவே கார்டோடு நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். அப்பா என்றால் உங்கள் அப்பிச்சி. சேரம்பாடியில் அரசாங்கத் தோட்டத்தில் இருந்தார். சிலோனிலிருந்து குடும்பத்தோடு வந்தவர்.

ஒரு நாள் லீவு போட்டுப் போனேன். ஊட்டி போய், கூடலூர் போய், அங்கிருந்து சேரம்பாடி. மழை என்றால் அப்படி ஒரு மழை. பஸ்ஸில் உள்ளே உட்கார்ந்து நனைந்தேன். போய்ச் சேர்ந்ததும் கோழி அடித்தார்கள். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுக் கார்டைப் பற்றிப் பேச்செடுத்தேன். டிரங்குப் பெட்டியில் இருக்கிறது என்றார் அப்பிச்சி. பெட்டிச் சாவி உங்கள் மாமாவிடம். மாமா வேலைக்குப் போயிருந்தார். சாயங்காலம் மாமா வந்தார், சாவி வந்தது, பெட்டி திறந்தது. உள்ளே கார்டு இல்லை. அப்போதுதான் அப்பிச்சிக்கு ஞாபகம் வந்த மாதிரி, கார்டு ரேஷன் கடையில் இருக்கிறது என்றார். ரேஷன் கடை திங்கட்கிழமைதான் திறக்கும். ஒரு நாள் சம்பளம் போனதற்கு எனக்குக் கிடைத்தது கோழிக் குழம்பு.

அடுத்த வாரம் ஆடி பிறந்தது. கல்யாணமான முதல் ஆடிக்குப் பொண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவது வழக்கம் இல்லையா, அப்பிச்சியும் அம்மிச்சியும் பலகாரத்தோடு வந்து உங்கம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கார்டைக் கேட்டேன். ஊரில் இருக்கிறது என்றார். நான் என்ன செய்வது? பேரும் அங்கே, ஆளும் அங்கே. ஹெட் கிளார்க் வழியில் பார்த்தால், "என்னப்பா, சம்சாரம் நிசமாவே இருக்காங்களா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்பார். பாய்லர்க்காரன் சிரிக்காமல் நின்றான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மாசக் கடைசிக்கு ரெண்டு நாள் இருக்கும்போது மறுபடியும் லீவு சொல்லிவிட்டுச் சேரம்பாடிக்குப் போனேன். இந்தத் தடவை கோழிக்கு முன்னாலேயே பேசிவிட வேண்டும் என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே போனேன். அப்பிச்சி பதில் தயாராக வைத்திருந்தார். ஆடியில் பொண்ணு பேரை அடிக்கக் கூடாதாம். செத்தவர்கள் பேரைத்தான் கார்டில் கோடு போட்டு அடிப்பார்களாம், நல்லபடியாக வாழப் போன பிள்ளைக்கு அது ஆகாதாம். அம்மிச்சி அதைக் கேட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. அடிப்பது இல்லைங்க மாமா, இங்கே எடுத்து அங்கே வைப்பது, அவ்வளவுதான் என்றேன். குரல் கொஞ்சம் கூடித்தான் போனது. அதற்கு அவர் சொன்னார்:

"அப்பன்னா மொதல்ல நீங்க உங்க கார்டுல ஏத்துங்க மாப்புள. ஏத்தினதக் காட்டுங்க. அன்னிக்கே நான் எடுத்திர்றேன்."

இங்கே எடுக்காமல் அங்கே ஏற்ற மாட்டார்கள் என்று மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டினார், மறுபடியும் அதையே சொன்னார். இந்த மனுஷனுக்கு மகளை அனுப்ப மனசில்லை, அதைத்தான் இப்படிச் சுற்றி வளைக்கிறார் என்று நினைத்து, அதையும் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவர் கோபப்படவில்லை. தணிந்த குரலில் சொல்ல ஆரம்பித்தார். சிலோனில் இவர்கள் குடும்பம் இந்தியாவுக்கு வர, குடியுரிமை கேட்டு மனு எழுதிப் போட்ட சமயம், இவருடைய தங்கச்சிக்குக் கல்யாணம் ஆனதாம். இனிமேல் அது புருஷன் வீட்டுப் பிள்ளை, அவர்கள் தங்கள் பேரோடு சேர்த்துக்கொள்வார்கள் என்று இவருடைய அப்பா மனுவிலிருந்து அந்தப் பேரை எடுக்கச் சொல்லிவிட்டார். புருஷன் வீட்டார் மனு அதற்கு முன்னாலேயே மேலே போய்விட்டது. அதில் அவள் பேர் இல்லை.

"எங்களுக்குத் துண்டு வந்திச்சு, கப்பல் ஏறினோம். அவுங்களுக்கும் வந்திச்சு. அதுக்கு மட்டும் ரெண்டு பக்கமும் இல்ல, அங்கயே நின்னுருச்சு. கொஞ்ச நாள் கடுதாசி வந்துகிட்டு இருந்திச்சு மாப்புள. இப்ப இல்ல."

துண்டு என்றால் அவர்கள் பேச்சில் அரசாங்கம் கொடுக்கிற சீட்டு. அதற்காக என் எரிச்சல் போய்விட்டதா என்றால், போகவில்லை. ரெண்டு நாளில் வீடு போய்விடும். பாவமாகவும் இருக்கிறது, பல்லைக் கடிக்கவும் தோன்றுகிறது. அந்த மாதிரி ஒரு நிலைமை உங்களுக்கு வர வேண்டாம்.

அதுவரைக்கும் உள்ளே இருந்த உங்கம்மா வெளியே வந்து, "அப்பா, நான் அங்க எங்க படுக்கிறேன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றாள். அவருக்குத் தெரியாது. நானும் சொன்னதில்லை. "சமையல்கட்டுல. அக்கா அடுப்பு மூட்ட வந்தா நான் எந்திரிச்சு வெளிய நிக்கணும். உங்க கார்டுல பேர் இருந்து எனக்கு என்ன ஆச்சு?"

அவளே வழியும் சொன்னாள். "நாளைக்குக் காலையில எடுத்துருங்க. அந்தத் துண்டை நீங்களே வெச்சுக்கங்க. எங்களோட குன்னூருக்கு வாங்க. அங்க ஏத்துற வரைக்கும் என்கிட்டயும் குடுக்காதீங்க, அவர்கிட்டயும் குடுக்காதீங்க."

மறுநாள் ஆபீஸ் திறக்கும்போதே மூணு பேரும் போய் நின்றோம். தாலுகா ஆபீசை அவர் கச்சேரி என்றுதான் சொல்வார். கையெழுத்துப் போடுவதற்கு முன் பேனாவை ரெண்டு தடவை கீழே வைத்தார். பகலுக்கு மேல்தான் சான்று கைக்கு வந்தது. அதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, சட்டைக்கு உள்ளே பனியனுக்கு மேல் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். பஸ் கிளம்பிக் கொஞ்ச தூரம் போயிருக்கும்.

"மாப்புள, இப்ப பிள்ள எந்தக் கார்டுல இருக்கு?"

"எதுலயும் இல்லைங்க மாமா. நாளைக்குக் காலையில ஏறிடும்."

உங்கம்மா ஜன்னலோரம், நான் இந்த ஓரம், நடுவில் அவர். ஒரு கை சட்டை மேல், ஒரு கை மகள் மணிக்கட்டின் மேல். ஊட்டியில் டீ குடிக்க இறங்கலாம் என்று கூப்பிட்டேன், வரவில்லை. இருட்டுகிற நேரத்தில் பெரியப்பா ஊடு வந்து சேர்ந்தோம். அன்றைக்கு அந்தச் சமையல்கட்டில் மூணு பேர் படுத்தோம். அதையும் அவர் கண்ணால் பார்த்தார்.

காலையில் எங்கள் தாலுகா ஆபீஸில் அவர்தான் வரிசையில் முதல் ஆள். சான்றைக் கொடுத்துவிட்டு நகராமல் நின்றார். அங்கிருந்தவர் பேரை எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். இவர் கார்டை வெளிச்சத்தில் பிடித்து விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். பேர் சரி. முத்திரை மங்கலாக இருக்கிறது, இன்னொன்று குத்துங்கள் என்றார். ஒன்று போதும் பெரியவரே என்றார்கள். போதாது என்றார். பின்னால் வரிசை முணுமுணுத்தது, எனக்குக் கூசியது. கடைசியில் மை தடவி இன்னொன்று குத்தினார்கள்.

ஓட்டமாக எஸ்டேட் ஆபீசுக்குப் போனோம். லிஸ்ட் டைப் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஹெட் கிளார்க் கார்டைப் பார்த்தார், உங்கம்மாவைப் பார்த்தார், ரெண்டு முத்திரையைப் பார்த்தார். "ஓ, சம்சாரம் இருக்காங்க" என்று சொல்லி என் பேரை எழுதிக்கொண்டார். மேனேஜர் சாயங்காலமே கையெழுத்துப் போட்டார், சாவி கிடைத்தது. கூரைத் தகரத்தில் நாலு இடத்தில் ஓட்டை. பரவாயில்லை, அடைத்துக்கொள்ளலாம்.

பால் காய்ச்சலாம் என்று நான் பாத்திரம் இரவல் வாங்கப் போனேன். திரும்பி வந்தால் அப்பிச்சி வாசலில் பையோடு நிற்கிறார். பக்கத்தில் உங்கம்மாவும் பையோடு.

"ஆடி இன்னும் பதினஞ்சு நாளு இருக்கே மாப்புள" என்றார். உங்கம்மா என்னைப் பார்த்தாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு தரையைப் பார்த்தாள். சொல்லித்தான் என்ன ஆகப் போகிறது? அன்றைக்குப் பஸ் போய்விட்டது, மறுநாள் முதல் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

அந்த ஆடி முடிகிறவரை புது வீட்டில் நான் தனியாக இருந்தேன். ரேஷன் கடையில் முதல் தடவையாக ரெண்டு பேருக்குச் சர்க்கரை போட்டார்கள். சேரம்பாடியில் ஒரு ஆள் சர்க்கரை குறைந்திருக்கும், அந்த ஆளோ அங்கேதான் டீ குடித்துக்கொண்டிருக்கிறாள். பாதியைப் பொட்டலம் கட்டி, அந்தப் பக்கம் போன லாரி டிரைவர் ஒருத்தரிடம் கொடுத்து அனுப்பினேன்.