மூன்று நாள் துண்டோடு நாயாற்றுக்கு

மழைக்காலத்தில் நாயாற்றுக்குப் போக நினைப்பவர்கள் இதை வாசித்துவிட்டு முடிவெடுங்கள். நான் போனது தை மாதக் கடைசி. மழை விட்டுவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். மழைக்கு அது தெரியவில்லை.

வவுனியாவில் படிப்பிக்கிற எனக்கு நாயாற்றில் ஒரு சிநேகிதர் உண்டு, கருவாடு போடுகிற ஹனீபா நானா. மீன் காயவைக்கிற பரணுக்குக் காட்டுக் கம்பு வேண்டும். கம்பு வெட்ட அனுமதித் துண்டு வேண்டும். துண்டு தருகிற காட்டு இலாகாக் கந்தோர் வவுனியாவில். "திங்கட்கிழமை எடுத்துக்கொண்டு வாங்கோ மாஸ்டர், பரண் இல்லாட்டி இந்த வருசம் எனக்குப் பிழைப்பில்லை" என்று ஆள் விட்டுச் சொல்லியிருந்தார். எனக்கும் ஒரு கிழமை லீவு. கடலையும் பார்க்கலாம் என்று கிளம்பினேன். ஆசை யாரை விட்டது!

திங்கள் காலை துண்டு கிடைத்தது. மூன்று நாளைக்குச் செல்லும் என்று முத்திரை. மாங்குளம் இருபத்தெட்டு மைல். பஸ்கள் அரசாங்கத்தின் கைக்குப் போனபிறகு நேரத்துக்கு வரும் என்றார்கள். பத்து மணி பஸ் பன்னிரண்டரைக்கு வந்தது. கனகராயன்குளத்தில் சில்லுக் காற்றுப் போய் இன்னும் ஒரு மணி நேரம். பக்கத்துச் சீற்றில் ஒரு காட்டதிகாரி, கந்தசாமி என்று பெயர். அவரும் நாயாற்றுப் பக்கம் மரம் பார்க்கத்தான் வருகிறார். நல்ல மனிதர். தன் வெற்றிலையில் பாதியை எனக்குத் தந்தார்.

மாங்குளத்தில் முல்லைத்தீவு பஸ் பிடித்தோம். ஒட்டுசுட்டானோடு அதுவும் நின்றது, பாலத்துக்கு மேலால் வெள்ளம். தேத்தண்ணிக் கடை வாங்கில் படுத்து, செவ்வாய் முழுவதும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தோம். சீ, என்ன சீவியம்! பேச வேறொன்றும் இல்லாமல் சட்டம் பேசினோம்.

"காடு குறையுது மாஸ்டர். குறையாமல் இருக்க அளவோடை வெட்டவேணும். அளவு தெரியத் துண்டு வேணும். நேர்மையானவன் துண்டோடை வெட்டுவான். துண்டில்லாமல் வெட்டுறவன் கள்ளன். இதிலை என்ன பிழை?" என்றார் கந்தசாமி.

பிழை ஒன்றும் தெரியவில்லை. காடு குறைவது உண்மைதான், வழி நெடுகக் கண்ணால் பார்த்தேன். ஆனாலும் கணக்கில் விடை சரியாக வந்து நடுவில் ஒரு வரி விடுபட்டதுபோல் மனம் உறுத்தியது. தேட அலுப்பாக இருந்தது. இடுப்பில் கட்டியிருந்த சாரம் வேறு ஈரம்.

புதன் மாலை ஒரு உழவு இயந்திரப் பெட்டியில் முல்லைத்தீவு, ஆளுக்கு ஒரு ரூபாய். வியாழன் விடியத் தெற்கே நடை, பதின்மூன்று மைல் இருக்கும். அளம்பிலுக்கு அப்பால் சேற்றில் அதிகாரியின் சப்பாத்து ஒன்று போயே போய்விட்டது. மற்றதைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார். பின்னேரம் நாயாறு.

ஹனீபா நானாவின் மீன்வாடிக் குடிசை வாசலில் புதுக் கம்புகள் குவிந்து கிடந்தன. அதிகாரியின் முகம் மாறியது.

"எப்ப வெட்டினது?"

"செவ்வாய்க்கிழமை ஐயா. தேய்பிறை முடியிற நாள். வளர்பிறையிலை வெட்டினா உளுத்துப்போகும். திங்கள் மாஸ்டர் துண்டு எடுத்திருப்பார் எண்டு தெரியும்."

நான் துண்டை நீட்டினேன். அதிகாரி இரண்டு முறை பார்த்தார். "வெட்டேக்கை கையிலை துண்டில்லை. இப்ப துண்டு இருக்கு, அது நேற்றோடை செத்துப்போச்சு. நீர் நேரிலை வந்து எடுத்திருக்கலாமே?"

"எடுத்திருந்தா என்ன ஐயா? நானும் இண்டைக்குத்தானே வந்து சேர்ந்திருப்பன், ஒற்றைச் சப்பாத்தோடை."

சிரிக்கக்கூடாத இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. விடுபட்ட வரி அதுதான். துண்டில்லாதவன் கள்ளன் என்றால், துண்டு எடுக்க நினைக்கிற எவனும் நாள் முடியமுன் அதை மரத்தடிக்குக் கொண்டுவர முடியும் என்று அர்த்தம். அதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாததால் ஒருவரும் சரிபார்க்கவுமில்லை. கந்தோருக்கும் நாயாற்றுக்கும் நடுவில் வெள்ளமே இல்லை என்று சட்டம் நம்பிக்கொண்டிருக்கிறது. அதிகாரியிடம் இதைச் சொன்னேன்.

"ஓம் மாஸ்டர், விளங்குது," என்றார் களைத்த குரலில். "நாலு நாளா நானும் உங்களோடைதானே வந்தனான். ஆனா துண்டிலை திகதியை மாத்தி எழுதினா என்ரை வேலை போகும். வீட்டிலை மூண்டு பொம்பிளைப் பிள்ளையள்."

கம்பு ஏற்றிவந்த வண்டியையும் மாட்டையும் பறிக்காமல் விட்டுவிட்டார். கம்புகளில் மட்டும் முத்திரைச் சுத்தியலால் அடித்தார். அடையாளம் விழுந்த மரத்தை வழக்கு முடியும்வரை அசைக்கக்கூடாது. புதுத் துண்டுக்குத் தானே எழுதுவதாகச் சொன்னார். "எழுதுங்கோ ஐயா," என்றார் ஹனீபா நானா. "அது வரேக்கை அடுத்த மழையும் வந்திடும்." அதிகாரி வெறுங்காலோடு அளம்பில் பக்கம் நடந்தார்.

போகிறவர்களுக்கு: மாசி பாதி கழிந்தபின் போங்கள். இரண்டு சாரம் கொண்டுபோங்கள், சப்பாத்து வேண்டாம். ஒட்டுசுட்டானில் சோறு நல்லது. கையில் நாள் போட்ட துண்டு ஏதும் இருந்தால், அந்த நாள் எந்த ஊர் வெள்ளத்தைக் கணக்கில் எடுத்தது என்று முதலில் கேளுங்கள்.

நான் திரும்புகிற அன்று நல்ல வெயில். வலையில் மீன் நிறைய. பரணில்லாமல் மணலில் போட்டால் கருவாடு விலைபோகாது. ஹனீபா நானா அந்தக் கம்புக் குவியலின் மேலேயே மீனைப் பரப்பியிருந்தார். நாய்க்கு எட்டுகிற உயரம். அவரும் மனைவியும் தடியோடு ஆளுக்கொரு பக்கம் காவல் இருந்தார்கள், கண் சிவந்துபோய்.

"ஒரு கம்பையும் அசைக்கேல்லை மாஸ்டர்," என்றார். "ஐயாவைக் கண்டால் சொல்லுங்கோ."