ஆளுக்கு ஒரு கை

காகிதம் மடிப்பது உடம்புக்கும் மனசுக்கும் நல்லதாம். நேற்று வாட்ஸ்அப்பில் ஒரு தோழி அனுப்பியிருந்தாள். இப்படி வருவதையெல்லாம் இரண்டு வரிக்கு மேல் நான் படிப்பதில்லை. இதை மட்டும் கடைசிவரை படித்தேன். படிக்கும்போதே ஆஸ்பத்திரி வாடை மூக்கில் ஏறியது என்றால் நம்புவீர்களா?

எங்கள் ஊர் சிடாம் கிரியிலிருந்து மோட்டார் சைக்கிளில் தொழிற்சாலை வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம். ஒரு காலை, ஹார்ன் அடித்துக்கொண்டே வந்த லாரி உரசியதில் விழுந்தேன். இடது மணிக்கட்டு நொறுங்கியது. மாவுக்கட்டைப் பிரித்தபோது விரல்கள் முருங்கைக்காய்போல விறைத்துக் கிடந்தன. பொடிப்பொடிச் சாமான்களை எடுத்துப் பொருத்துகிற வேலை எனக்கு. ஒற்றைக் கையோடு அங்கே யார் வைத்துக்கொள்வார்கள்? அதைவிட, எங்கே ஹார்ன் கேட்டாலும் நெஞ்சு படபடத்தது. யாரிடமும் சொல்லவில்லை. கைதானே உடைந்தது, நெஞ்சுக்கென்ன என்று கேட்பார்களே!

அலோர் ஸ்டாரில் அக்கா வீட்டில் தங்கி, அங்குள்ள ஆஸ்பத்திரிக்குக் கைப் பயிற்சிக்குப் போனேன். பயிற்சி தரும் பெண் என் முன்னால் காகிதத்தை வைத்தாள்.

“வேகம் வேணாம்கா. ஓரத்தோட ஓரம் சேருதா, அத மட்டும் பாருங்க.”

அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “கப்பல் செய்யவா பஸ் ஏறிப் போற? சின்னப் பிள்ளைங்க விளையாட்டுலா இது!”

எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. பயிற்சி அறையில் எதிரே பாக் டின் என்ற மலாய்ப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். பெண்டாங்கில் நெல் பயிரிடுபவர். பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் குழறும். ஒருநாள் அவர் தன் காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார். அவர் இடது கையால் பிடித்துக்கொள்ள, நான் வலது கையால் மடித்தேன். இருவருமாகச் சேர்ந்து ஒரு முழு ஆளாகிவிட்டோம். கப்பல் ஒரு பக்கம் சாய்ந்துதான் நின்றது. அதற்காக அப்படிச் சிரித்தோம்.

அப்புறம் தினமும் அப்படித்தான். ஓரத்தைப் பார்த்து மடிக்கையில் மூச்சு தானாக நிதானமாகும். சாலையில் ஹார்ன் அடித்தது எனக்குக் கேட்காமலே போனதை ஒருநாள் கவனித்தேன். கையைவிட நெஞ்சுதான் முதலில் தேறியது.

பிறகொரு நாள் மின்விசிறிக் காற்றில் காகிதம் பறக்கப் பார்த்தது. சட்டென்று அமுக்கினேன். பாக் டின் மேசையைத் தட்டினார்.

“தாங்ஙான் ஹாங்! தெங்கோ!”

உன் கையைப் பார் என்கிறார். பார்த்தேன். அமுக்கியிருந்தது என் இடது கை. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் காகிதத்தைக் கவ்விப் பிடித்திருந்தன. அங்கேயே அழுதுவிட்டேன். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார், இடது கையால்.

மீண்டும் வேலைக்குப் போனேன். கல்யாணமும் ஆயிற்று. பல வருஷம் கழித்து பாசாரில் சாமான் வாங்கும்போது பாக் டின் மகளைப் பார்த்தேன். கடைசிவரை தன் கையாலேயே சாப்பிட்டாராம், தூக்கத்திலேயே போய்விட்டாராம். கேட்டபோது வருத்தத்தைவிட ஆறுதல்தான் அதிகமாக இருந்தது.

அந்தப் பயிற்சி அறையும் இப்போது இல்லை. இடித்துவிட்டுக் கார் நிறுத்துமிடமாக்கிவிட்டார்கள். கணவரின் சர்க்கரைப் பரிசோதனைக்குப் போகும்போது அங்கேதான் நிறுத்துகிறோம்.

“இறங்கலையா?” என்பார்.

“நீங்க போங்க, வர்றேன்” என்று சற்று நேரம் அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.