மழையில் எடுத்த சோதனைப் படம்

மழை வலுத்ததும் அப்பா கேமராவைத் தன் வீடியோ கடைக்குள் முக்காலியில் நிறுத்திவிட்டு, குடை எடுக்காமல் தெருவில் இறங்கி நின்றார்.

"அப்பா, நனையறீங்க!"

"நனைஞ்சாதான் படம். சிவப்பு லைட்டு எரியுதா பாரு."

எரிந்தது. அவர் கேமராவைப் பார்த்துக் கையை ஆட்டி ஏதேதோ பேசினார். மகள் சிரித்துக்கொண்டே நின்றாள்.

கடையின் ஹார்டு டிஸ்க்குகள் நிரம்பி வழிந்தன. அவர் பிடித்த கல்யாணங்கள், பள்ளி ஆண்டு விழாக்கள், பணி ஓய்வுக் கூட்டங்கள் எல்லாம் அவற்றில் கிடந்தன. சுருக்கினால்தான் புது வேலைக்கு இடம். எந்த முறையில் சுருக்குவது? வீடியோ சுருக்கும் மென்பொருள் எழுதுவதுதான் மகளின் உத்தியோகம். விடுப்பில் வந்தவளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். ஒரே படத்தை மூன்று முறைகளில் சுருக்கி, அருகருகே ஓட்டிப் பார்ப்பது என்று பேச்சு. அதற்கு மழைதான் சரி. சுருக்கும் மென்பொருள் எதுவும் முந்தைய காட்சியைப் பார்த்து அடுத்ததை ஊகிக்கும். மழைத்துளிகளிடம் அந்த ஊகம் செல்லாது.

எச்.264, எச்.265, ஏவி1 என்று மூன்று முறைகளையும் அவள் விளக்கினாள். அப்பா கேட்டு முடித்துவிட்டு அவற்றுக்கு வேறு பெயர் வைத்தார்.

"பெரியவன் எந்த வீட்டு டிவியிலயும் போய் உக்காந்துக்குவான். ஆனா தீனி ஜாஸ்தி. நடுவுலவன் பாதி சோத்துல அதே வேலையச் செய்வான், ஆனா உரிமை யாருக்குன்னு ஓயாத பஞ்சாயத்து. கடைக்குட்டிக்குப் பஞ்சாயத்தும் இல்ல, தீனியும் கம்மி. ஒரு வேலை சொன்னா முடிக்கிறதுக்குள்ள நமக்கு நரை விழுந்துரும். சரியா?"

"இத ஆபீஸ்ல சொன்னா எனக்குப் பிரமோஷன் கொடுப்பாங்கப்பா."

போதிய இடம் கொடுத்தால் மூன்றும் நல்ல பிள்ளைகள். பட்டினி போட்டால்தான் குணம் தெரியும். அதனால் மிகக் குறைந்த அளவுக்கு இறுக்கினாள். ஒலி எதற்கு வீணாக என்று அதையும் கழற்றிவிட்டாள். பெரியவனில் அப்பாவின் முகம் சதுரம் சதுரமாக உடைந்தது. நடுவுலவனில் உடையவில்லை, மெழுகு பூசியதுபோல் வழவழத்தது. கடைக்குட்டி அந்தப் பழைய கணினியில் நகரவே மறுக்க, பாதியில் நிறுத்தினார்கள்.

"மார்க்கு நடுவுலவனுக்குத்தான்" என்றாள், படத்தின் தர அளவீட்டைக் காட்டி.

"மார்க்கு கிடக்கட்டும். தலைமுடியப் பாரு, தண்ணியப் பாரு. மூஞ்சிய மட்டும் பாத்தா ஏமாந்துருவோம். பெரியவனுக்கு முடியலேன்னா முடியலேன்னு தெரியுது. இவன் மழுப்புறான்."

"மழுப்பலப்பா. ஊகிக்கிறான்."

"அதத்தானம்மா நானும் சொல்றேன்."

கடைசியில் நடுவுலவனே, ஆனால் வயிறாரப் போட்டு, என்று சமாதானம் ஆயிற்று. விடுப்பு முடிந்து அவள் வேலைக்குத் திரும்பினாள். அடுத்த வாரம் ஒரு கல்யாண மண்டபத்துப் படியில், லைட்டு ஸ்டாண்டைத் தோளில் சுமந்தபடி ஏறிய அப்பா, நடுவில் உட்கார்ந்தார். எழவில்லை.

தெருவில் அவருக்கு 'லைட்டண்ணன்' என்று பெயர். எந்த விசேஷத்திலும் "லைட்டு, லைட்டு மறைக்காதீங்க" என்று கத்துவதால் வந்த பெயர். கனத்த கேமராக்களைச் சுமந்த காலத்தில் சரிந்த வலது தோள் பிறகு நிமிரவே இல்லை. பந்தியில் கடைசி ஆளாகச் சாப்பிடுவார். யார் அழப் போகிறார்கள் என்பது அவர்களுக்கு முன்பே இவருக்குத் தெரியும். கேமரா அங்கே திரும்பியிருக்கும். ஊரார் முகமெல்லாம் அவரிடம் இருந்தது. அவர் எடுத்த எதிலும் அவர் முகம் இல்லை. படத்தில் தன் நிழல்கூட விழாமல் நிற்பதுதானே தொழில்.

காரியங்கள் முடிந்த பிறகு அம்மா கேட்டது ஒன்றே ஒன்று.

"மாலை போட்ட போட்டோ சும்மா முறைச்சுப் பாக்குது. அவர் நடக்கிறதா, சிரிக்கிறதா ஒண்ணு தேடிக் கொடும்மா."

மகள் கடையைத் திறந்து எல்லா டிஸ்க்கையும் புரட்டினாள். அப்பா அசைந்து நடக்கும் படம் ஒன்றுதான் இருந்தது. மழைப் படம். அதிலும் மூலப் பதிவு இல்லை. கணினியில் மகள் வைத்திருப்பாள் என்று அப்பா மறுநாள் வேலைக்காக மெமரி கார்டை அழித்திருந்தார். கார்டில் அப்பா வைத்திருப்பார் என்று மகள் கணினியில் அழித்திருந்தாள். அந்தக் கார்டின் மேல் அதற்குப் பிறகு மூன்று கல்யாணங்கள் பதிவாகிவிட்டன. எஞ்சியவை பட்டினி போட்ட பிரதிகள்.

உடைந்த படத்தைச் செப்பனிடும் மென்பொருள்கள் உண்டு. அவற்றின் உள்விவகாரம் அவளுக்குத் தெரியும். அவை ஒரு முகத்தைச் செய்து கொடுக்கும். அது யாருடைய முகமோ. ஒன்றும் செய்யாமல் இரண்டு பிரதிகளையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அம்மா டிவிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். பெரியவனின் பிரதி முதலில் ஓடியது. சதுரங்களாகச் சிதறிய முகம் வாயசைத்தது. மகள் திரையைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தாள்.

"மழையில எதுக்கு நிக்கிறாரு இந்த மனுஷன்? சளி பிடிக்குமேன்னு இருக்கா..." அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "என்ன பேசறாரு?"

"சத்தம் இல்லம்மா."

இரண்டாவதை ஓட்டினாள். மெழுகு முகம்.

"இதுவும் அதேதானே? எதுக்கு ரெண்டு?"

"வித்தியாசம் ஒண்ணும் தெரியலையா?"

"என்ன வித்தியாசம்? அவர்தான், ரெண்டுலயும்." அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு இன்னும் முன்னால் குனிந்தாள்.

அப்போதுதான் மகள் கவனித்தாள்.

"கண்ணாடி எங்கம்மா?"

"ஒரு பக்கம் உடைஞ்சுபோச்சுன்னு உங்கப்பாதான் எடுத்துட்டுப் போனாரு. அன்னிக்கு மண்டபத்துலேர்ந்து வர்றப்ப வாங்கிட்டு வரேன்னு சொன்னாரு."

"எந்தக் கடையில கொடுத்தாரு?"

"யாரு கண்டா? அவருக்குத்தான் கடைக்குக் கடை ஆள் உண்டே. கண்ணாடி வந்தா இன்னும் நல்லா தெரியும்ல?"

"தெரியும்மா."

கடைத்தெருவில் கண்ணாடிக் கடைகள் வரிசையாக இருந்தன. ரசீது எதுவும் கிடைக்கவில்லை. மகள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி, முதல் கடையில் நின்று, லைட்டண்ணன் இங்கே ஒரு கண்ணாடி கொடுத்தாரா என்று கேட்டாள்.