பார்வதி அக்கா தூக்கிய கை

இன்று சுங்கை பெசார் பக்கமிருக்கும் எங்கள் தோட்டத்துக்கு, வெளியூர் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் அரிசி கொடுக்க வந்திருந்தார். மலேசியாவில் இவர்களை ‘ஒய்பி’ என்றுதான் கூப்பிடுவோம்.

வரிசையில் எனக்கு முன்னால் பார்வதி அக்கா. செம்பனை ஆலை இயந்திரத்தில் வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. இழப்பீடு கணக்கில் விழுந்த அன்றே, பழைய கடனுக்கென்று பேங்க் மொத்தத்தையும் எடுத்துக்கொண்டது.

“இது நியாயமான்னு நாடாளுமன்றத்துல கேளுங்க ஒய்பி,” என்றார் அக்கா.

“கொரோனா அவசரகாலம்மா. நாடாளுமன்றமே பூட்டிக் கிடக்கு. தெறக்கட்டும், கேக்கிறேன்.”

“பேங்க் மட்டும் தெறந்துதானே இருக்கு லா?”

எல்லோரும் சிரித்தார்கள். ஒய்பியும் சிரித்தார்.

அவருடைய உதவியாளர் போனை உயர்த்தினார். “அக்கா, அந்தக் கைய கொஞ்சம் மேல தூக்குங்க. படத்துல தெரியணும்.”

அக்கா தூக்கினார். தாங்கல் போனதும் இடது கையிலிருந்த அரிசிப் பை நழுவி விழுந்து கிழிந்தது.

உடனே வேறொரு பையைக் கொடுத்துப் படம் எடுத்தார்கள். எடுத்ததும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

“ஆளுக்கு ஒன்னுதான் அக்கா.”

அக்கா ஒற்றைக் கையால் மண்ணிலிருந்து அரிசியை அள்ளினார். நானும் குனிந்து அள்ளினேன்.

படம் ஒய்பியின் முகநூல் பக்கத்தில் வந்துவிட்டது. ‘மக்கள் துயரில் பங்கு’ என்று எழுதியிருக்கிறார்கள். எந்தப் பங்கு என்று தெரிந்தவர்கள் கீழே சொல்லுங்கள்.