எண்பது வெட்டில் ஓர் உடம்பு

யார் பின்னால் வந்தாலும் அவள் சட்டென்று துப்பட்டாவை இடது தோள் பக்கம் இழுத்துவிட்டுக்கொள்வாள். நடப்பதும் சுவரை ஒட்டித்தான். பதினொரு வருடமாக இதைப் பார்த்துப் பார்த்துப் பட்டறையில் அவளுக்குச் ‘சுவரொட்டி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். இடது தோள் இறங்கி, முதுகு ஒரு பக்கமாக வளைந்திருக்கும். யார் கண்ணிலும் படாமல் அது துணிக்குள்ளேயே இருந்துவிடட்டும் என்பதுதான் அவளுடைய ஒரே வேண்டுதல்.

பட்டறை அக்காள் புருஷனுடையது. துணிக்கடைகளில் நிற்கும் ஆளுயரப் பொம்மைகள் செய்கிறார்கள். கணினியில் இருக்கும் உருவத்தை, தலையிலிருந்து கால்வரை இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு வெட்டாக வெங்காயம்போல் நறுக்கி, ஒவ்வொரு வெட்டின் விளிம்பையும் கோடாக எடுக்க வேண்டும். அந்தக் கோட்டின் வழியே சூட்டுக் கம்பி தெர்மோகோலை அறுக்கும். அறுத்ததை அடுக்கி ஒட்டினால் ஆள். கோடு எங்காவது மயிரிழை விட்டுப்போனால் கம்பி வழிதவறிப் பலகையையே பாழாக்கிவிடும். எட்டாவதோடு நின்றவள், பக்கத்தில் நின்று பார்த்தே இதைக் கற்றுக்கொண்டாள். அவள் எடுத்த கோடு ஒன்றுகூட விட்டுப்போனதில்லை.

அன்றைக்குப் புதுப் பொம்மைக்காக ஸ்கேன் எடுத்துக்கொள்ள வரவேண்டிய பெண் வரவில்லை.

“நீ நில்லு,” என்றார் அத்தான்.

“வேண்டாம் அத்தான். என் முதுகு...”

“அதெல்லாம் கம்ப்யூட்டர்ல நிமித்திக்கலாம். நிஜத்துலதான் முடியாது.”

அக்காள் சிரித்தாள். “ரெண்டு நிமிஷம் நிக்க என்னடி பிகு? உன்ன யாரு பாக்கப் போறா?”

“அப்ப கோடு நானே எடுக்கறேன். வேற யாரும் அந்த ஸ்கேனத் திறக்கக் கூடாது.”

“சரி தாயே,” என்றார் அத்தான்.

உடம்போடு ஒட்டிய உடுப்பில் நிற்கவைத்து அக்காள்தான் ஸ்கேன் எடுத்தாள். பிறகு, சொன்னபடி அவளே கணினி முன் உட்கார்ந்து, வலது பாதியைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி இடது பக்கம் பொருத்தினாள். நிமிர்ந்த பெண் ஒருத்தி திரையில் நின்றாள். எண்பது கோடுகளையும் எடுத்துச் சேமித்தாள். அத்தோடு எழுந்திருக்கலாம். மனசு கேட்கவில்லை. தன் முதுகை அவள் முழுதாகப் பார்த்ததே இல்லை. நிமிர்த்தாத பழைய உருவத்தைத் திறந்து, அதையும் எண்பதாக வெட்டி, ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மார்புக்குக் கீழே கோடு ஒரு பக்கம் பிதுங்கி, அவித்த உருளைக்கிழங்குபோல் கோணியிருந்தது. பார்த்து முடித்ததும் பழக்கதோஷத்தில் கை தானாகச் சேமித்துவிட்டது. அவளுக்கு உறைக்கவில்லை. கடைசியாகச் சேமித்ததை எடுத்து வெட்டுவதுதான் பட்டறையின் வழக்கம். அவளே ஏற்படுத்திய வழக்கம்.

மறுநாள் அவளுக்கு விடுமுறை. அதற்கு அடுத்த நாள் வந்தபோது நடுக்கூடத்தில் அவளே நின்றுகொண்டிருந்தாள். வெள்ளை வெளேரென்று, பொட்டுத் துணி இல்லாமல்.

“மொதலாளி, இது என்ன, மழையில நனஞ்ச அட்டப்பெட்டியா?” என்ற வெட்டுக்காரர், வாசலில் நின்ற அவளை அப்போதுதான் கண்டார். எல்லோரும் திரும்பினார்கள். சிரிப்பு ஒரு கணம் நின்றது. பிறகு இரண்டு பங்காகக் கிளம்பியது.

“ஒடச்சிடுங்க அத்தான்.”

“எதுக்கு? ஒரு கோடு பிசகல பாரு. இவ்வளவு சுத்தமா வந்தத யாராவது ஒடப்பாங்களா?”

அவள் அக்காளைப் பார்த்தாள். அக்காள் பொம்மையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, “போடி, உன்னவிட இது கொஞ்சம் லட்சணமாத்தான் இருக்கு,” என்றாள்.

இப்போது அந்தப் பொம்மை பட்டறை வாசலில், வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது. உயர்ந்த தோளில் ஆட்கள் சாப்பாட்டுப் பைகளை மாட்டுகிறார்கள். வேறு ஆணி இல்லாததால் அவளும் அதில்தான் மாட்டுகிறாள்.