மருந்தடித்த சட்டம்

வாசல் நிலை செய்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை; அதனாலேயே எல்லோருக்கும் அவர் நிலைக்காரர். அவரிடம் போய்த் தங்கை முயல் கூண்டு கேட்டால் கைக்கு எது வரும்? பட்டறை மூலையில் மிச்சமாய்க் கிடந்த நிலைச் சட்டம்தான். வைரம் பாய்ந்த மரம். கரையான் மருந்தை அவரே மூன்று தடவை அடித்திருந்தார்.

கம்பி வலையை வெளிப்பக்கம் வைத்து, ஆணி தெரியாமல் மெல்லிய பட்டி கொடுத்து மூடினார். பார்க்கிறவன் கண்ணுக்கு அழகு. உள்ளேயோ சட்டம் முழுக்க முயலின் வாய்க்கு நேராக நின்றது.

"அண்ணே, முயலு மரத்தைக் கொறிக்குமே?"

"கொறிக்கட்டும், பல்லுதான் போவும். உன் தையல் மிஷினோட லொடலொடப் பலகையா இது? நிலைம்மா, நிலை!"

பதினோராம் நாள் பெட்டை முயல் நுரை தள்ளிச் செத்தது. அவர் போய்ச் சேர்ந்தபோது தங்கை தெருவில் கீரைக்காரியைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள்.

"மருந்தடிச்ச கீரையக் குடுத்துட்டியேடி!"

"எம் பிள்ளைங்களும் அதைத்தானேம்மா தின்னுச்சு?"

நிலைக்காரர் கூண்டுக்குள் தலையை விட்டார். உள்சட்டத்தில் ஒரு சாண் நீளத்துக்குப் பல் பதிந்திருந்தது. முகர்ந்தார். அவர் அடித்த மருந்தேதான்.

வெளியே வந்து, "கூண்டுக் கதவு பிடிக்குது, சரி பண்ணித் தரேன்" என்றார். மிஞ்சிய ஆண் முயலை அட்டைப் பெட்டிக்கு மாற்றிவிட்டுக் கூண்டைத் தூக்கிக்கொண்டார். கீரைக்காரி பக்கம் திரும்பவே இல்லை.

மூன்றாம் நாள் புதுக் கூண்டோடு வந்தார். மருந்தோ சாயமோ படாத பச்சைப் பலகை. வலை உள்பக்கம். ஆணியெல்லாம் வெளியே பல்லிளித்தது.

"என்ன மச்சான், கை தேஞ்சுபோச்சா?" என்று சிரித்தார் தங்கை வீட்டுக்காரர்.

"சும்மா இருங்க. எனக்காக அண்ணன் ரெண்டு தடவை மெனக்கெட்டிருக்கு" என்றாள் தங்கை. "அண்ணே, அந்தக் கீரைக்காரி இனி இந்தத் தெருவுல காலு வைக்கமாட்டா. வீட்டுக்கு வீடு சொல்லிட்டேன்."

நிலைக்காரர் கூண்டைக் கீழே வைத்தார்.

"கீரை இல்லம்மா. என் மரம். கரையான் மருந்து அடிச்சது."

தங்கை புதுக் கூண்டின் உள்வலையைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "நான் கேட்டேனே அண்ணே" என்றாள். அவ்வளவுதான்.

நாலு தெரு தள்ளிக் கீரைக்காரியைக் கண்டுபிடித்தார். தலையில் கூடையோடு நின்றாள்.

"என்ன, திட்டு ஏதும் மிச்சம் இருக்கா?"

"இருக்கு. அது எனக்கு வரவேண்டியது" என்றார்.

அவர் முழுக்கச் சொல்லி முடிக்கும்வரை அவள் கூடையை இறக்கவில்லை. இறக்க ஒரு கை கொடுக்கவும் அவருக்குக் கூச்சமாக இருந்தது.