தகரக் கொட்டகையில் வளராத பன்றிகள்

என் மூத்த மகளின் கல்யாண அறிவிப்பு ஓலையை மாதா கோயில் பூசையில் முதல் ஞாயிறு வாசித்தபோது, நான் பன்றிகளைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். பாலக்கரையில் எங்கள் சனத்துக்குள் ஒரு வழக்கம்: பெண் வீட்டார் போடும் விருந்துக் கறி சொந்தப் பட்டியில் வளர்ந்ததாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்கள்.

அடுத்த வளவில் என் ஓரகத்தி, வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி, ஆறு பன்றி வைத்திருந்தாள். என்னிடம் நாலு. எல்லாம் ஒரே ஈற்றுக் குட்டிகள். ஒரே ஓட்டல் கழுநீர், ஒரே தவிடு. அவளுடையவை கீற்று நிழலில், சேற்றுக் குழியில் புரண்டு உருண்டு திரண்டிருந்தன. என்னுடையவற்றுக்கு முதுகெலும்பு தெரிந்தது. கீற்று ஏழைத்தனம் என்று நான் தகரம் வேய்ந்திருந்தேன். யாரும் கண் வைத்துவிடக் கூடாதென்று பக்கவாட்டையும் அடைத்திருந்தேன்.

அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அளக்க மட்டும் தெரியும். தினமும் காலையில் ஒவ்வொன்றையும் துரத்திப் பிடித்து, நெஞ்சைச் சுற்றிச் சணல் கயிறு போட்டுப் பார்ப்பேன்.

"ஏண்டி, பன்னிக்கு ரவிக்கை தைக்கப் போறியா?" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஓரகத்தி சிரித்தாள்.

"விருந்துக்குத் தேறுமான்னு பாக்குறேன்க்கா."

"சும்மா விடுடி. அதுங்களும் கொஞ்சம் மூச்சு விடட்டும்."

கொழுத்த பன்றி வைத்திருப்பவள் சொல்ல மாட்டாளா? அவளுக்கு ஆறு என்றால் எனக்கும் ஆறு வேண்டுமென்று, சந்தையிலிருந்து இரண்டு பிடித்து வந்து அதே கொட்டகைக்குள் விட்டேன். அக்கினி நட்சத்திர வெயில். தகரம் தணலாகக் கொதித்தது. பழசும் புதுசும் கடித்துக் குதறிக்கொண்டன.

பிறகு காய்ச்சல் வந்தது. வேலி தாண்டி அவள் பட்டியிலும் இரண்டு படுத்துவிட்டன என்று கேட்டபோது, பொய் சொல்வானேன், என் வயிறு குளிர்ந்தது. ஆனால் அவளுடையவை எழுந்து தவிடு தின்றன. என்னுடையவற்றில் நாலு செத்தன. மிச்சம் இரண்டும் நிற்கவே தள்ளாடின.

கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர் வந்து கொட்டகைக்குள் தலையை விட்டவர், உடனே வெளியே எடுத்துக்கொண்டார்.

"அவங்க பன்னிக்கு மட்டும் எப்படிங்க சரியாச்சு?" என்று கேட்டேன்.

"வந்தது ஒரே வைரஸ்தாம்மா. வெயில்ல வெந்து, நெருக்கத்துல சண்டை போட்டு, தினம் பயந்து ஓடினா, நோயை எதிர்க்கத் தெம்பு ஏது? தின்னது அந்த அவஸ்தைக்கே சரியாப்போச்சு. அப்புறம் எங்கேருந்து வளரும்?"

அவள் காதில் விழுந்திருக்குமோ என்றுதான் எனக்குக் கவலை.

விருந்துக்கு முந்தின நாள் ஓரகத்தியே தன் பட்டியிலிருந்து நல்லதாக ஒன்றை ஓட்டி வந்தாள். சம்பந்தி வீட்டார் வருமுன் அதை என் கொட்டகையில் அடைத்துவிடத் துடித்தேன்.

"அந்த அடுப்புக்குள்ளயா? வேணாம்டி, மர நிழல்ல கட்டு" என்றாள்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்து பன்றியைத் தட்டிப் பார்த்தார். "நல்லா வளத்திருக்கீங்க. யாரு பட்டிங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஓரகத்தி முந்திக்கொண்டாள். "பொண்ணு வீட்டுதுதாங்க."

என் மானம் தப்பியது. ஆனாலும் அந்த வார்த்தையைச் சொல்லும் மனசும் அவளிடம்தானே இருந்தது என்று, மறுநாள் அந்தக் கறியில் ஒரு துண்டுகூட எனக்கு இறங்கவில்லை.